கடனுக்கு மேலே இருப்பது கூரையா, வரம்பா?

உவர்மலை ரீச்சர்:

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். வியாழன் காலை உயர்தரப் பொருளியல் வகுப்பு. நாளை மாலைக்குள் தாள் தயாராக வேண்டும். அரசாங்கம் கைமீறிச் செலவழிக்கிறது என்று கவலைப்படும் அமெரிக்க வலதுசாரி ஒருவரின் வாதத்தைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் இடிக்கும் இடம் இதுதான்: 1917இல், முதலாம் உலகப் போருக்குப் பணம் திரட்டும்போது, அமெரிக்க அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று சட்டத்தில் ஓர் எல்லை போட்டார்கள், 'டெட் சீலிங்' என்பது அதுதான். 1960க்குப் பிறகு மட்டும் அதை எழுபது தடவைக்கு மேல் கூட்டியோ தள்ளிப்போட்டோ மாற்றிவிட்டார்கள். 2025 ஜூலையில் ஒரே அடியாக 5 ட்ரில்லியன் ஏற்றி 41.1 ட்ரில்லியன் டொலர் ஆக்கினார்கள். ஏறிக்கொண்டே போகிற சீலிங் என்ன சீலிங் என்று கேட்கிறார் மனிதர்.

இந்த 'டெட் சீலிங்'குக்கு நான் 'கடன் கூரை' என்று போட்டிருக்கிறேன். வகுப்பில் சிரிப்பார்களோ என்று பயம். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு மாஸ்ரர்:

கட்டாயம் சிரிப்பார்கள். கூரை மழைக்கு மறைப்பு. வீட்டுக்குள் மல்லாந்து கிடந்தால் கண்ணில் படுவது முகடு. "முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்" என்று நம் ஆச்சிமார் சொல்லவில்லையா? 'கடன்முகடு' என்று போடுங்கள்.

அதற்கு முன் 'கடன்' என்ற சொல்லையே பாருங்கள். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்கிறது புறநானூறு (312). அங்கே கடன் என்றால் கடமை. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது கடமை என்பதால்தான் வாங்கியதற்கும் அதே பெயர் வந்தது என்பது என் துணிபு. "கடன்பட்டார் நெஞ்சம்போல் கலங்கினான் இலங்கை வேந்தன்" என்று கம்பனும்...

டொரன்டோவிலிருந்து:

மாஸ்ரர், அந்த வரி கம்பராமாயணத்தில் இல்லை. தேடிக் களைத்தவர்களில் நானும் ஒருவன்.

சாம்பல்தீவு மாஸ்ரர்:

சரி, இல்லை. இருந்திருக்க வேண்டிய வரி. இராவணன் வெட்டியதாகச் சொல்லும் திருகோணமலைப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

தம்பலகாமத்திலிருந்து:

கூரையும் வேண்டாம், முகடும் வேண்டாம். வயல்காரனிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்: வரம்பு. தண்ணீர் மட்டம் ஏற ஏற மண்வெட்டியை எடுத்து வரம்பில் இரண்டு தட்டு மண் அப்புவோம். மறுநாள் தண்ணீர் அங்கேயும் வந்து நிற்கும். ரீச்சரின் அமெரிக்கர் சொல்வது அப்படியே இதுதான். ஔவை "வரம்புயர நீருயரும்" என்று வாழ்த்தினாள், அங்கே வரம்புயரக் கடன் உயருகிறது. அப்படியே ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைக் கண்ட எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

சாம்பல்தீவு மாஸ்ரர்:

ஔவை சொன்னது 'வரப்பு'.

தம்பலகாமத்திலிருந்து:

ஔவை தம்பலகாமத்தில் வயல் செய்யவில்லை.

கிண்ணியாவிலிருந்து:

நாங்கள் கடைக்காரர். எங்களிடம் கடன் கொப்பி இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவரின் கொப்பி அட்டையில் வாப்பா சிவப்புப் பேனையால் "5,000க்கு மேல் இல்லை" என்று எழுதினார். நோன்பு மாதம் வந்தது, 5,000ஐ வெட்டி 8,000. பிறகு மகள் கல்யாணம், 15,000. இப்போது அட்டையில் எழுத இடமில்லை. அதற்கு நாங்கள் சொல்வது 'மட்டு'. "மட்டுக் கட்டியாச்சு நானா, இனித் தரமாட்டேன்" என்போம். 'மட்டுப்படுத்து' என்று அரச கடிதத்திலும் வருகிறதே. 'கடன்மட்டு' சின்னச் சொல், வாய்க்கும் சுகம்.

டொரன்டோவிலிருந்து:

'மட்டு. மாநகரசபை' என்று பேப்பரில் படித்து வளர்ந்த பிள்ளைகள் மட்டக்களப்பின் கடன் என்று நினைத்துவிடப் போகிறார்கள்!

பாலையூற்றுக் கணக்காளர் (ஓய்வு):

நீங்கள் எல்லோரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டீர்கள். நோய் கடனில் இல்லை, செலவில் இருக்கிறது. "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை, போகாறு அகலாக் கடை." குறள் 478. வரும் வழி சிறுத்தாலும் கெடுதி இல்லை, போகும் வழி அகலாதிருந்தால் போதும். ஆகவே 'போகாற்று வரம்பு' என்பதே சரி.

நான் பழைய ஆள், கைக்கடன் வாங்காமல் வீடு கட்டியவன். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று நம் இலங்கை அறிவித்தபோது வெட்கத்தால் வெளியே போகவில்லை. இத்தனைக்கும் 2003இலேயே சட்டம் போட்டோம், 2006க்குள் வரவுசெலவுப் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 5 சதவீதத்துக்குள் கொண்டுவருவோம் என்று. வந்ததா? இப்போது 2024இன் புதுச் சட்டம், வட்டி நீங்கலான செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. பார்ப்போம்.

உவர்மலை ரீச்சர்:

ஐயா, குறளைத் தாளின் தலையில் போடுகிறேன். ஆனால் சொல்லில் செலவைச் சேர்க்க முடியாது. நீங்கள் சொன்ன 13 சதவீதம் செலவுக்கு எல்லை. அமெரிக்கருடையது கடனுக்கு எல்லை. செலவை அவர்களின் நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்னமே அனுமதித்துவிடும். வரும் பில்லைக் கட்டத் திறைசேரி கடன் வாங்கலாமா என்பதைத்தான் இந்த எல்லை தீர்மானிக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகு காசு கொடுப்பதா வேண்டாமா என்று சண்டை பிடிப்பது மாதிரி. 2011இல் அந்தச் சண்டை இழுபட்டதில் கடன் தரம் மதிப்பிடும் நிறுவனம் ஒன்று அவர்களின் தரத்தையே ஒரு படி இறக்கியது. பிள்ளைகள் குழம்பும் இடமே இதுதான், நம் சொல்லும் குழப்பக்கூடாது.

பாலையூற்றுக் கணக்காளர் (ஓய்வு):

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அமெரிக்கர் என் கட்சி. அதோடு, 'கடன்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். நம் மத்திய வங்கி 'பொதுப் படுகடன்' என்றே எழுதுகிறது.

சாம்பல்தீவு மாஸ்ரர்:

படுமோசம், படுகுழி, படுகடன். வங்கியில் ஒரு தமிழறிஞர் இருந்திருக்கிறார்.

டொரன்டோவிலிருந்து:

தமிழ்நாட்டுச் செய்திகளில் 'கடன் உச்சவரம்பு' என்று வருகிறது. 1972 காணிச் சீர்திருத்தத்தில் 50 ஏக்கர், வயல் என்றால் 25 ஏக்கர் என்று எல்லை வைத்தார்களே, அதற்கும் நம் ஊரில் 'காணி உச்சவரம்பு' என்றுதான் பெயர். காணி இழந்த தாத்தாவுக்கே விளங்கிய சொல். இதையே போட்டுவிடலாமே.

கிண்ணியாவிலிருந்து:

எனக்குச் சரி. மட்டைக் கடையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

உவர்மலை ரீச்சர்:

போட்டோகொப்பிக் கடை ஆறு மணிக்குப் பூட்டும். 'கடன் உச்சவரம்பு' என்று அடித்து 38 பிரதி எடுத்துவிட்டேன். ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வரம்பு உள்ளே இருக்கிறது என்று தம்பலகாமத்து அண்ணா ஆறுதல் அடைய வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து:

ஆறுதல் இல்லை, தங்கச்சி. வரம்புக்கு உச்சம் எதற்கு? அதன் விளிம்புதான் உச்சம். இனிமேல் 'கீழ்வரம்பு' என்றும் ஒன்று கண்டுபிடிப்பீர்கள்.

டொரன்டோவிலிருந்து:

அது ஏற்கெனவே இருக்கிறது, அண்ணா.

சாம்பல்தீவு மாஸ்ரர்:

படம் பார்த்தேன். 'உச்ச வரம்பு' என்று நடுவில் இடைவெளி விட்டிருக்கிறது. சேர்த்து எழுத வேண்டும். முகடு என்றால் இந்தத் தொல்லை இல்லை.