கிராமத் தன்னார்வலர்களுக்கு வாய் நலப் பயிற்சி: மறக்க முடியாத அனுபவம் உண்டா?

தாடைப்பொம்மை:
தர்மபுரிப் பக்கம் பெண் தன்னார்வலர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு. பிளாஸ்டிக் தாடை, ஒரு முழ நீள பிரஷ், எல்லாம் வழக்கம்போல். “காலையும் இரவும் தேய்த்தால் பல் வெள்ளையாக இருக்கும்” என்று முடித்தேன். பின்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் வாயை மூடியபடியே எழுந்தார். “டாக்டர், பால்பல் விழுந்து முளைத்தபோதே எனக்கு இப்படித்தான். செங்கல் பொடி வைத்துக்கூடத் தேய்த்துவிட்டேன்” என்று முந்தானையை எடுத்தார். பழுப்புப் பட்டைகள், நடுவே குழிகள்.

ஃபுளூரோசிஸ். தண்ணீரில் ஃபுளூரைடு மிகுந்தால் பல்லில் வரும் கறையும் குழியும். பல் ஈறுக்குள் உருவாகும்போதே போர்வெல் தண்ணீர் செய்துவிடுகிற வேலை அது. பிரஷ் என்ன செய்யும்? எனக்குத் தெரியாததா? தர்மபுரிக்குத் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் இருக்கிறது. இருந்தும் சென்னையில் தயாரித்த படங்களை அப்படியே ஓட்டினேன். அந்த அறையில் பாதிப் பேர் காலையிலிருந்து ஏன் வாய்விட்டுச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வாசல்படி:
நான் தன்னார்வலர். டார்ச் அடித்துக் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய். எல்லாம் வாய்ப்புற்று அபாயத்தின் அறிகுறிகள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், எனக்கு மாமா முறை. எந்நேரமும் பாக்கு. “மருமகளிடம் வாயைப் பிளந்து காட்டுவதா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை அதட்டிய பிறகு திறந்தார். அவர் விரலையே வைக்கச் சொன்னேன். இரண்டாவது விரல் பாதியில் நின்றது. பல் மருத்துவரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பாக்குப் பையிலேயே வைத்தார். நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது அதே மடிப்போடு எடுத்துக் காட்டினார். “ஒரு நாள் கூலி போய்விடும் அம்மா.”

தாடைப்பொம்மை:
ஒன்றரை விரல் என்றால் தாமதிக்கவே கூடாது.

வாசல்படி:
அது எனக்கும் தெரியும் டாக்டர்.

மூன்றாம்வரிசை:
தாடைப்பொம்மை அவர்களே, நீங்கள் வருந்துவது இருக்கட்டும். படங்களை மாற்றினீர்களா, அதைச் சொல்லவில்லையே?

என் கதை சின்னது. டார்ச்சில் பேட்டரி தீர்ந்து கைப்பேசி வெளிச்சத்தை அடித்தேன். போட்டோ பிடிப்பதாக நினைத்து ஒரு பாட்டி அறைந்துவிட்டார்.

வாசல்படி அவர்களுக்குச் சில யோசனைகள். சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஐந்து பேரைச் சேர்த்து அழைத்துப் போங்கள். தெருவில் வைத்துப் பார்க்காதீர்கள், கூச்சம் வரும். வீட்டுக்குள் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பாக்கை விடச் சொல்லி முதல் நாளே ஆரம்பிக்காதீர்கள், மறுமுறை கதவு திறக்காது. தன்னார்வலரால் என்ன ஆகும் என்பவர்களுக்குத் திருவனந்தபுரம் ஆய்வைச் சொல்லுங்கள். 1996-இல் தொடங்கி 13 ஊராட்சிகளில் நடந்தது. வாய்க்குள் பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பணியாளர்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

வாசல்படி:
ஐந்து பேருக்கு பஸ் டிக்கெட் யார் எடுப்பது? என் ஊக்கத்தொகையிலா? திருவனந்தபுரத்தில் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மாமா போன வாரம் போய்விட்டு வந்தார். நான் சொல்லி அல்ல. வாயில் காரம் பட்டாலே தீயாக எரிந்து, ஒரு மாதமாகத் தயிர்ச்சோறுதான் இறங்கியதாம். அத்தைதான் கூட்டிப்போனார். அங்கே சீட்டைக் கேட்டபோது, மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாக இருந்ததாம்.