கோதிக் கதைகள்: பந்தல் உண்டு, பந்தி உண்டா?

கல்லூரி நாட்களில் எட்கர் ஆலன் போவின் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’யை மூன்றாம் பக்கத்திலேயே மூடிவைத்தவன் நான். 1839இல் வந்த கோதிக் கதை, அதாவது பழைய மாளிகையும் இருட்டும் திகிலுமாக வரும் வகை. மேகம் தாழ்ந்து தொங்குகிறது, சுவர் சோகமாக நிற்கிறது, குட்டை கறுத்துக் கிடக்கிறது. கதை எப்போது ஆரம்பிக்கும் என்று எரிச்சல்தான் வந்தது. பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளமும் வைத்துவிட்டு இலை போடாத கல்யாணம் என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன்.

போன மழைக்காலத்தில் மின்சாரம் நின்ற ஓர் இரவு, மகளுக்கு அதையே தமிழில் சொன்னேன். தலைப்பை வேண்டுமென்றே சொல்லவில்லை. வர்ணனையின் கடைசியில் ஒரு விரிசல் வரும். கூரையில் தொடங்கி, சுவரில் கோணல்மாணலாக இறங்கி, குட்டைத் தண்ணீரில் மறையும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். “அப்பா, அந்த வீடு விழுந்துவிடுமா?” என்றாள். முடிவில் அதே விரிசல் அகன்று, ஊடே ரத்தச் சிவப்பாய் நிலா தெரிகிறது. மாளிகையைக் குட்டை விழுங்கிவிடுகிறது. அன்று நான் கொட்டாவி விட்டுக்கொண்டே தாண்டிப்போனது அந்த விரிசல் வரும் வரியைத்தான்.

அதற்காகப் போவை முழுதாக மன்னித்துவிடவில்லை. அவருடைய இன்னொரு கதையான ‘லிஜீயா’வில் நாயகியின் நெற்றி, கூந்தல், மூக்கு, பல் என்று கேசாதிபாதம் பாடத் தொடங்கி, கண்ணுக்கு வந்ததும் அங்கேயே குடியேறிவிடுகிறார். இன்றைக்கும் அங்கே பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

பதில்:

எனக்கு நேர்மாறான அனுபவம். ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையைப் பிரசவத்துக்குப் பிறகு அம்மா வீட்டில் படித்தேன். பச்சை உடம்பில் படித்தால் கண் கெட்டுவிடும் என்று வீட்டில் தடை. கதையில் வருபவளும் பிள்ளை பெற்றவள். மருத்துவரான கணவன் ஓய்வு என்ற பெயரில் அவளை எழுதவே விடுவதில்லை. மாடி அறை, ஜன்னலில் கம்பி. கில்மனுக்கும் ஒரு மருத்துவர், இனிப் பேனாவைத் தொடாதே என்று சொல்லியிருந்தார்.

முதலில் நடை மொட்டையாகப் பட்டது. இரண்டு வரி, உடனே பத்தி முடிந்துவிடும். ஓரிடத்தில், கணவன் வருகிறான், இதை எடுத்துவைக்க வேண்டும் என்று பாதியில் நிறுத்துகிறாள். அதைப் படித்த நேரம் படிக்கட்டில் அம்மாவின் மெட்டிச் சத்தம். போனை அணைத்துத் தொட்டில் துணிக்கடியில் செருகினேன்.