கிளைடருக்கு எந்த ரேடியோ? பறக்கவிடுபவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அடுத்து ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் 3 மீட்டர் மாடல் கிளைடர் ஒன்று கட்டப்போகிறேன். இறக்கையில் அசையும் தகடுகளான எய்லரான் 2, ஃபிளாப் 2, வாலில் எலிவேட்டர், ரடர், அப்புறம் மோட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 7 சேனல் வேண்டும். கையிலிருக்கும் 6 சேனல் ரிமோட் போதாது.

ஸ்பெக்ட்ரம் என்எக்ஸ்8 ரிமோட்டில் கிளைடருக்கென்றே மெனு தயாராக இருக்கிறது, ஆனால் விலை கையைக் கடிக்கிறது. ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் கணிசமாக மலிவு. அதில் ஓடும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் என்ன மிக்ஸ் (ஒன்றை அசைத்தால் இன்னொன்றும் சேர்ந்து அசையும் அமைப்பு) வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஒவ்வொன்றையும் நாமேதான் போட வேண்டும். ராத்திரி உட்கார்ந்து நோண்ட எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்!

என் கவலையெல்லாம் தரையிறக்கம்தான். வேகத்தைக் குறைக்கும் பட்டர்ஃபிளை பிரேக்கில் எய்லரான் மேலேயும் ஃபிளாப் கீழேயும் போனதும் மூக்கு தூக்கும். அதை அடக்க எலிவேட்டரைக் கொஞ்சம் கீழே தள்ள வேண்டும், அதுவும் நேர்கோடாக இல்லாமல் வளைவாக. எட்ஜ்டிஎக்ஸில் கர்வ் வரையலாம் என்று தெரியும். ஸ்பெக்ட்ரத்தில் அந்த வளைவுக்கு எத்தனை புள்ளி வைக்க முடிகிறது?

இன்னொன்று, கிளைடரின் உடல் முழுக்க கார்பன் ஃபைபர். ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை அது மறைத்துவிடும். உள்ளே இருக்கும் ரிசீவரின் ஆண்டெனா இரண்டையும் வெளியே விட்டீர்களா, ஒன்று போதுமா?

கிளைடர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் வேரியோ சத்தம் காதில் கேட்டாக வேண்டும். தெர்மலை (மேலெழும் சூடான காற்றை) கண்ணால் பிடிக்கும் திறமை இன்னும் வரவில்லை. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் விவரமாக எழுதுங்கள்.