மிதிவண்டிப் பாதை நெறிமுறைகள்: எதைக் கொண்டு ஒப்பிடுவது?

அமுதன்:
மிதிவண்டிகள் குறைவாகச் செல்லும் ஒருவழிப் பாதைக்கு நெதர்லாந்தில் மிதிவண்டிப் பாதைகளை வடிவமைக்கப் பயன்படும் குரோ (CROW) கையேட்டின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பும், அதே நோக்கத்துக்கு இங்கிலாந்து 2020இல் வெளியிட்ட எல்டிஎன் 1/20 (LTN 1/20) கையேடும் 2 மீட்டர் அகலத்தையே கேட்கின்றன. ஜெர்மனியின் 2010ஆம் ஆண்டு விதிகளிலும் ஒருவழிப் பாதைக்கு வழக்கமான அகலம் 2 மீட்டர்தான். ஆகவே பாதைகள் மோசமாக இருந்தால் குறை நெறிமுறைகளில் இல்லை, அவற்றை நிறைவேற்றுவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மங்கை:
அமுதன் அவர்களே, கையேடுகளின் அகல அட்டவணையில் முதல் வரியோடு நிறுத்திவிட்டீர்கள். நெரிசல் வேளையில் மணிக்கு 500 மிதிவண்டிகள் செல்லும் பாதைக்கு, 2007ஆம் ஆண்டு குரோ பதிப்பு 3 மீட்டர் கேட்கிறது. இங்கிலாந்துக் கையேடோ 2.2 மீட்டரோடு அமைதியடைந்துவிடுகிறது. அது மட்டுமன்று: போக்குவரத்து குறைவான இடத்தில், இடநெருக்கடி இருந்தால் 1.5 மீட்டர் வரை இறங்கலாம் என்றும் அது இசைகிறது. ஓரத்தில் 60 செ.மீ.க்கு மேல் உயர்ந்த சுவர் இருந்தால் அரை மீட்டர் கூட்ட வேண்டும் என்று அதே கையேடு சொல்வதை மறந்து ஒருவர் 1.5 மீட்டரை மட்டும் வரைந்தால், ஓட்டுபவருக்கு எஞ்சுவது 1 மீட்டர். ஓடும் மிதிவண்டி தள்ளாட்டத்தோடு எடுத்துக்கொள்ளும் இடமே அவ்வளவுதான். முந்துவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

அமுதன்:
விட்டுக்கொடுக்கும் விதி நெதர்லாந்திலும் உண்டு. அந்த 3 மீட்டரை அங்கேயும் 2.5 ஆகக் குறைக்கலாம். மேலும் குரோ கையேடு சட்டமே அன்று, வழிகாட்டிதான். இங்கிலாந்து அரசு தன் கையேட்டுக்கு இணங்காத திட்டங்களுக்கு நிதி தருவதில்லை என்று அறிவித்தது. வேல்ஸ் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வழிகாட்டுதலுக்கே சட்ட வலு தந்தது. அகலத்தைவிட இந்தப் பிடிமானம்தான் முக்கியம் என்பேன்.

கதிர்:
இருவரும் அகலத்தைச் சுற்றியே வருகிறீர்கள். மிதிவண்டிப் பாதையை வாகனச் சாலையிலிருந்து பிரிக்க வேண்டுமா என்பதை மோட்டார் வாகனங்களின் வேகமும் எண்ணிக்கையும் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கேள்வியை முதலில் கேட்கும் நெறிமுறையே நல்லது. அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கமான ஆஷ்டோ (AASHTO) வெளியிடும் வழிகாட்டியின் 2012 பதிப்பில், கோடு போட்ட 5 அடித் தடத்துக்கு அளவு இருந்தது. தடுப்பு வைத்துப் பிரித்த பாதைக்கு முறையான வழிகாட்டுதல் இல்லை. அமெரிக்க நகரங்களின் கூட்டமைப்பான நாக்டோ (NACTO) 2011லேயே தனிக் கையேடு வெளியிட்டும், ஆஷ்டோ அதைப் பின்தொடர 2024 ஆயிற்று. கையேட்டில் இல்லாத ஒன்றை வரைந்து கையெழுத்திடப் பொறியாளர் தயங்கத்தானே செய்வார்? இதை நிறைவேற்றத்தின் குறை என்று எப்படிச் சொல்வது?

அமுதன்:
அமெரிக்காவைப் பொறுத்தவரை உங்கள் வாதம் செல்லும். ஆனால் விதி தெளிவாக இருக்கும் இங்கிலாந்திலும் கோடு மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்களே, அதற்கு எந்தப் பக்கத்தைக் குறை சொல்வீர்கள்?

மங்கை:
விலக்கு அளிக்கும் அந்தப் பக்கத்தைத்தான்.