சுவர்க்கோழியா, சில்வண்டா? ஒரு மொழிபெயர்ப்புக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். ஃபிரெடெரிக் காடர்ட் டக்கர்மன் (1821–1873) என்ற அமெரிக்கக் கவிஞரை யாராவது வாசித்திருக்கிறீர்களா? பாஸ்டனில் பிறந்தவர். சட்டம் படித்தும் அந்தத் தொழிலை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸில் கிரீன்ஃபீல்டு என்ற சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். செடிகொடிகளையும் நட்சத்திரங்களையும் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தவர். 1857இல் பிரசவத்தை ஒட்டி மனைவி ஹன்னா இறந்துபோனார். அந்தத் துக்கம்தான் அவருடைய சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) பலவற்றிலும். இவ்வளவு நல்ல கவிஞரை ஏன் மறந்தார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை. வாழ்நாளில் வெளியிட்ட தொகுப்பு 1860இல் வந்த ஒன்றே ஒன்று.

அவருடைய ‘தி கிரிக்கெட்’ (விளையாட்டு அல்ல, இரவில் கத்தும் பூச்சி) என்ற நெடுங்கவிதை அச்சானது 1950இல்தான். அதைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே நிற்கிறேன். சுவர்க்கோழி என்றால் பூச்சி சரி, ஆனால் ‘கோழி’ காதில் உறுத்துகிறது. சில்வண்டு இனிமை, ஆனால் அது வேறு பூச்சி என்கிறார்கள். உங்கள் ஊரில் இரவில் கத்தும் அந்தப் பூச்சிக்கு என்ன பெயர்? அப்புறம், ஸ்காட் மோமடே பதிப்பித்த 1965ஆம் ஆண்டு முழுத்தொகுப்பு யாரிடமாவது இருந்தால் சில நாள் இரவல் தருவீர்களா? தபால் செலவு என்னுடையது.