புதுப்பிப்பு: கரும்பு டிரெய்லர் இழுக்க எந்த டிராக்டர்?

தினமும் கரும்பு ஏற்றி ஆலைக்கு இழுக்க 50 ஹெச்பிக்குள் வாங்குவதா, அதற்கு மேல் போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவு பண்ணியாயிற்று: 50-க்குள், மூன்று சிலிண்டர், டூ வீல் டிரைவ் (பின்சக்கரம் மட்டும் இழுப்பது).

முக்கியக் காரணம் டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. 2023 ஜனவரியிலிருந்து 50 ஹெச்பிக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு அது கட்டாயம். அதோடு சிஆர்டிஐ எஞ்சின் (டீசலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து பீய்ச்சுவது), சென்சார், எஞ்சினை இயக்கும் ஈசியூ என்ற சின்ன கம்ப்யூட்டர் எல்லாம் வந்துவிடுகிறது. இழுவை அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வெட்டு சீசனில் வண்டி நின்றால் எங்கள் ஊர் மெக்கானிக் ஸ்பானரோடு வருவார், லேப்டாப்போடு வரமாட்டார்.

ஹெச்பியைவிட டார்க்கை, அதாவது எஞ்சினின் முறுக்கு விசையைப் பாருங்கள் என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். சரிதான், மேட்டில் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) இறங்கும்போதுதான் அது தெரியும். எனக்குப் பயம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். டிராக்டர் எடை இரண்டு டன்தான். பின்னாலிருந்து தள்ளும் கரும்பு டிரெய்லர் அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஆயில் பிரேக் (எண்ணெயில் மூழ்கிய பிரேக்) இல்லாத மாடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டில் போகும்போது இடது, வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கி போட்டாக வேண்டும். ஒன்று மட்டும் மிதிபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்து, டிரெய்லர் குறுக்கே மடங்கிவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் டிரைவருக்கு என் வண்டிச் சாவி கிடையாது.

முன்சக்கரம் தூக்காமலிருக்க பம்பரில் வெயிட் மாட்டியிருக்கிறேன். ஃபோர் வீல் டிரைவ் ஏன் வேண்டாம் என்று கேட்டவருக்கு: ஈர வயலில் சிரமம்தான், ஆனால் என் ஓட்டம் பெரும்பாலும் தார் ரோடு.