சட்டைப்பைக்குப் போன கை

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ஆடிவேல் கிழமையில் எங்கள் பகுதி வாசிகசாலை மண்டபத்தில் குறும்படங்கள் காட்டினார்கள். வேட்டித் திரை, இரவல் புரொஜெக்டர், பிளாஸ்டிக் கதிரைகள் எல்லாம் நீங்கள் அறிந்தவையே. மூன்றாவதாக வந்த 12 நிமிடப் படத்தில், சோதனைச் சாவடியில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் வரிசையாக நிற்க, முகம் காட்டாத ஒருவரின் கை மட்டும் திரைக்குள் நீண்டு 'ஐ.சி.', அதாவது அடையாள அட்டை, கேட்கிறது. அதே கணத்தில் எனக்கு முன்னால் இருந்த, எழுபது வயது மதிக்கத்தக்க ஐயாவின் கை தன் சட்டைப்பைக்குப் போனது. பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். 2007 யூன் 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிய நாட்களில், பாண் வாங்கப் போனாலும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தவன் நான். அப்படிப்பட்ட நான் எப்படிச் சிரித்தேன் என்பதுதான் விளங்கவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து:
அந்த ஐயா கைபேசியைத் தேடியிருக்கலாம். ஒரு கையசைவில் இவ்வளவு வரலாற்றை ஏற்றுவது பொருத்தமாகத் தெரியவில்லை. இத்தகைய இடங்களில் படத்தைவிட இடமே அதிகம் வேலை செய்கிறது என்பது என் அனுபவம். கடற்கரையோர வீதியான மெரின் டிரைவுக்கு அருகே மாடியொன்றில் நாங்கள் பார்த்த படத்தில், மகனை வழியனுப்பிய தாய் ரயில் மேடையில் தனியே நிற்கிறாள்; இயக்குநர் அவ்விடத்தில் எந்த ஒலியும் வைக்கவில்லை. சரியாக அப்போது பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வெளியே இரைந்து கடந்தது, யன்னல்கள் அதிர்ந்தன, ஒருவரும் அசையவில்லை. அதே படத்தைப் பின்னர் வீட்டில் பார்த்தபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது.

தெஹிவளையிலிருந்து:
நான் பார்த்த திரையிடலில் தமிழ் உபதலைப்புகள் சிதைந்து, கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வட்டங்களோடு தொங்கின. பக்கத்திலிருந்த சிறுமி அதையும் எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றாள். திரையிடுவோருக்குச் சொல்கிறேன்: உபதலைப்பைத் தனிக் கோப்பாகக் கொடுக்காதீர்கள், படத்தின் மீதே பதித்துவிடுங்கள், மண்டபத்து மடிக்கணினியில் எந்த எழுத்துரு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. விநாடிக்கு 25 சட்டக (பிரேம்) வேகத்தில் நேரம் குறித்த உபதலைப்பை அதே படத்தின் 24 சட்டகப் பிரதிக்குப் போட்டால், நிமிடத்துக்கு இரண்டரை விநாடி பிசகும். 12 நிமிட முடிவில் அரை நிமிடம் முந்திவிடும், அழுகை வருமுன்னரே அழுகையின் காரணம் திரையில் வந்துவிடும். முதல்நாள் மாலையே மண்டபத்துக்குப் போய், அங்குள்ள கருவியிலேயே முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஒலிபெருக்கியைத் திரையின் பக்கத்தில் வையுங்கள். பின்சுவரில் வைத்தால் பாத்திரங்கள் நம் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்வோரின் பேச்சைக் கேட்காதீர்கள், யூலை மாதக் கொழும்பில் அது நடவாத காரியம்.

மீண்டும் கொட்டாஞ்சேனையிலிருந்து:
உபதலைப்பு ஆலோசனைக்கு நன்றி, ஆனால் நாங்கள் பார்த்த படத்தில் வசனமே இல்லை. அந்த ஒரு சொல்தான். வெள்ளவத்தை நண்பருக்கு: கைபேசி ஐயாவின் மடியில் ஏற்கனவே இருந்தது. அவர் எடுத்தது பிளாஸ்டிக் உறையிட்ட பழைய அட்டை. படம் முடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் அதைக் கையில் வைத்திருப்பதைக் கவனித்தார். யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை திரும்பினார். நான் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் இருந்துவிட்டேன்.